வென்டிலேட்டரை எடுப்பது விசுவாசக் குறைவா?

கேள்வி இது: அப்பாவுக்கு 74 வயது. பல வருடமாக நாள்பட்ட நுரையீரல் நோய். நிமோனியா வந்து வென்டிலேட்டரில் 16 நாள் ஆகிறது. சிறுநீரகமும் செயலிழந்து டயாலிசிஸ் நடக்கிறது. "இனி பலன் இல்லை" என்று டாக்டர்கள் சொல்லிவிட்டார்கள். மெஷினை எடுப்பது கொலை என்கிறார் அண்ணன். எடுத்தால் விசுவாசக் குறைவு என்கிறார்கள் அம்மாவின் ஜெபக்குழுவினர். அப்பா கத்தோலிக்கர், அம்மா வீட்டார் சிஎஸ்ஐ (தென்னிந்தியத் திருச்சபை). என்ன செய்வது?

நேரடியாகச் சொல்லிவிடுகிறேன். மீள வழியே இல்லாத நிலையில், நோயாளிக்கு வெறும் பாரமாகிவிட்ட சிகிச்சையை நிறுத்துவது கொலை அல்ல. விசுவாசக் குறைவும் அல்ல. ஆனால் "மீள வழியில்லை" என்பது உண்மைதானா என்று முதலில் உறுதி செய்யுங்கள். அடுத்து, நிறுத்துவதை அவருக்கு மூச்சுத்திணறலோ வலியோ இல்லாமல் செய்ய வேண்டும். பெரும்பாலான குடும்பங்கள் சறுக்குவது இந்த இரண்டாவதில்தான்.

முதலில் மெஷினைப் பற்றி. வாய் வழியாக மூச்சுக்குழாய்க்குள் இறக்கிய 7.5 அல்லது 8 மில்லிமீட்டர் டியூப் வழியே, நிமிடத்துக்குப் பதினைந்து இருபது தடவை, ஒவ்வொரு தடவையும் சுமார் 400 மில்லி காற்றை வென்டிலேட்டர் அழுத்தி உள்ளே தள்ளுகிறது. அந்தக் காற்றில் ஆக்சிஜனை 21 சதவீதத்திலிருந்து 100 சதவீதம் வரை கூட்டலாம். அதன் வேலை அவ்வளவுதான். உள்ளே போன ஆக்சிஜனை இரத்தத்தில் சேர்ப்பது நுரையீரலின் மெல்லிய சவ்வு. அது நோயால் சிதைந்து, சீழும் நீரும் தேங்கிக் கிடந்தால், எத்தனை அழுத்தம் கொடுத்தாலும் வென்டிலேட்டரால் அந்த வேலையைச் செய்ய முடியாது. எக்மோ என்ற கருவி இரத்தத்தை வெளியே எடுத்து ஆக்சிஜன் ஏற்றித் திருப்பி அனுப்பும். அதுவும் நுரையீரல் தேறிவிடும் அல்லது மாற்று நுரையீரல் கிடைக்கும் என்ற நம்பிக்கை இருந்தால்தான் பயன்படும்.

இந்தச் சிகிச்சை எதற்காக வந்தது என்று தெரிந்தால் அதன் எல்லையும் புரியும். 1952-ல் டென்மார்க்கின் கோபன்ஹேகனில் கடுமையான போலியோ பரவியது. மூச்சுத் தசை செயலிழந்த நோயாளிகளில் பத்துக்கு எட்டுப் பேருக்கு மேல் இறந்துகொண்டிருந்தார்கள். பியோர்ன் இப்சன் என்ற மயக்க மருந்து டாக்டர், தொண்டையில் துளையிட்டு, டியூப் வைத்து, ரப்பர் பையைக் கையால் அமுக்கிக் காற்று கொடுக்கச் சொன்னார். சுமார் 1,500 மாணவர்கள் முறைவைத்து இரவும் பகலும் அமுக்கினார்கள். சாவு எண்ணிக்கை பாதிக்கும் கீழே இறங்கியது. இன்றைய ஐசியுவுக்கு அதுதான் தொடக்கம். கவனியுங்கள்: அந்த நோயாளிகளுக்குக் கெட்டது தசைதான், நுரையீரல் அல்ல. தசை தேறும்வரை அவகாசம் வேண்டியிருந்தது. உடம்பு தன்னைத் தேற்றிக்கொள்ள முடியும் என்ற நிலையில்தான் இந்த அவகாசத்துக்குப் பொருள் உண்டு.

அந்த அவகாசமும் இலவசமாக வருவதில்லை. ஓரிரு நாளிலேயே, மூச்சை இழுக்கும் உதரவிதானத் தசை மெலியத் தொடங்கும். 48 மணி நேரத்துக்குமேல் டியூப் இருந்தால் அதன் வழியே புது நிமோனியா வரும் வாய்ப்பு கூடும். 60 சதவீதத்துக்கு மேல் ஆக்சிஜன் பல நாள் போனால் அதுவே நுரையீரலைப் புண்ணாக்கும். டியூப்பைத் தாங்கிக்கொள்ள மயக்க மருந்து தேவைப்படும். அது கூடக்கூட மூளை தெளிவது தள்ளிப்போகும். உங்கள் அப்பாவுக்கு 16 நாளாகிவிட்டதால், கழுத்தில் துளையிட்டு டியூப் வைக்க வேண்டும் என்ற பேச்சும் வந்திருக்கும். அதற்குச் சம்மதிக்கும் முன், அது எதற்கு, அதன்பின் மெஷினிலிருந்து விடுபடும் வாய்ப்பு உண்டா என்று கேளுங்கள். வாய்ப்பு இல்லையென்றால் அந்த அறுவை தேவையில்லை.

"இதயம் துடிக்கிறதே, மானிட்டரில் கோடு ஓடுகிறதே" என்று அண்ணன் சொல்லக்கூடும். இதயத்துக்குத் தன்னைத்தானே துடிக்கவைத்துக்கொள்ளும் ஏற்பாடு உண்டு. ஆக்சிஜன் கிடைக்கிறவரை, மற்ற உறுப்புகள் ஓய்ந்தபின்னும் அது துடிக்கும். இரத்த அழுத்தத்தை நோர்அட்ரீனலின் என்ற மருந்து இழுத்துப் பிடித்துக்கொண்டிருக்கும். அந்தப் பச்சைக் கோட்டைப் பார்ப்பதை விட்டு அப்பாவின் முகத்தைப் பாருங்கள். புருவம் சுருங்குகிறதா, சளி உறிஞ்சும்போது கண்ணோரம் நீர் வருகிறதா, கை கட்டப்பட்டிருக்கிறதா என்று பாருங்கள். அவர் எப்படி இருக்கிறார் என்பதை மானிட்டரைவிட முகம் அதிகமாகச் சொல்லும்.

மூளைச்சாவு வேறு விஷயம், இத்துடன் குழப்ப வேண்டாம். அதற்கு 1994-ம் ஆண்டின் உறுப்பு மாற்றுச் சட்டப்படி நான்கு டாக்டர்கள், 6 மணி நேர இடைவெளியில் இரண்டு முறை பரிசோதித்துச் சான்று தர வேண்டும். நீங்கள் எழுதியதைப் பார்த்தால் அப்பா அந்த நிலையில் இல்லை. அவர் உயிரோடு இருக்கும் நோயாளி, அந்த மரியாதையோடுதான் முடிவெடுக்க வேண்டும்.

உறுதி செய்ய, ஐசியு டாக்டரிடம் ஐந்து கேள்விகள் கேளுங்கள். ஒரு வாரத்துக்கு முன் ஆக்சிஜன் எத்தனை சதவீதம், இன்று எத்தனை? நோர்அட்ரீனலின் அளவு ஏறுகிறதா, இறங்குகிறதா? மயக்க மருந்தை நிறுத்திப் பார்த்தீர்களா, அப்போது கண் திறந்தாரா, சொன்னதைச் செய்தாரா? சிறுநீர் தானாக வருகிறதா? எல்லாம் நல்லபடி போனால் அவர் எந்த நிலைக்குத் திரும்புவார்: நடப்பாரா, படுக்கையிலா, மெஷினோடா? பதில்கள் இரண்டுங்கெட்டானாக இருந்தால் நாள் குறித்து ஒரு முயற்சி கேட்கலாம்: "இன்னும் 4 நாள் முழு சிகிச்சை. அதற்குள் ஆக்சிஜன் 50 சதவீதத்துக்குக் கீழே வராவிட்டால், கண் திறக்காவிட்டால், மறுபடி பேசலாம்." அளவுகோலை முன்கூட்டியே குறித்துவைத்தால், நாலு நாள் நாற்பது நாளாக இழுபடாது.

இனி அண்ணனின் கேள்வி. கத்தோலிக்கத் திருச்சபை இதற்கு வென்டிலேட்டர் வந்த புதிதிலேயே பதில் சொல்லிவிட்டது. 1957 நவம்பர் 24 அன்று, மயக்கவியல் டாக்டர்கள் கேட்டதற்குப் பதிலாகத் திருத்தந்தை பன்னிரண்டாம் பத்திநாதர் பேசினார். உயிரைக் காக்கச் சாதாரண வழிகளைக் கையாளக் கடமை உண்டு. நோயாளிக்கோ மற்றவருக்கோ பெரும் பாரமாகும் அசாதாரண வழிகளுக்கு அந்தக் கடமை இல்லை. மீள வழியற்ற நிலையில் குடும்பம் கேட்டுக்கொண்டால், இரத்த ஓட்டம் நிற்பதற்கு முன்பே சுவாசக் கருவியை நிறுத்த டாக்டர் சம்மதிக்கலாம். இறப்பு எந்தக் கணத்தில் நிகழ்கிறது என்று வரையறுப்பது டாக்டர்களின் வேலை, திருச்சபையின் அதிகாரத்துக்கு உட்பட்டதல்ல என்றும் அப்போதே சொன்னார். தன் எல்லையைத் தானே ஒப்புக்கொண்ட அந்த வார்த்தையை நான் மிகவும் மதிக்கிறேன்.

1980 மே 5 அன்று வத்திக்கான் வெளியிட்ட அறிக்கை இதை இன்னும் தெளிவாக்கியது. கிடைக்கும் பலனுக்கும் படும் பாட்டுக்கும் பொருத்தமில்லாவிட்டால் தொடங்கிய சிகிச்சையையும் நிறுத்தலாம். குடும்பத்தின்மேல் விழும் மிதமிஞ்சிய செலவையும் கணக்கில் எடுத்துக்கொள்ளலாம் என்று அதிலேயே இருக்கிறது. நகையை அடகு வைத்து, நிலத்தை விற்று ஐசியு பில் கட்டும் வீடுகளில் "காசுக்காக அப்பாவை விட்டுட்டோமோ" என்ற குற்ற உணர்வு வருடக்கணக்கில் அரிக்கும். அவர்களுக்கு இந்த வரி தெரிந்திருக்க வேண்டும்.

தடை எங்கே என்றால், சாகடிக்கும் நோக்கத்தோடு ஊசி போடுவதில். அதைத் திருச்சபையும் ஏற்பதில்லை, இந்தியச் சட்டமும் ஏற்பதில்லை. வலிக்கு மருந்து தருவது அதில் சேராது. வலியைத் தணிக்கும் நோக்கத்தில் கொடுக்கும் மருந்து ஆயுளைக் கொஞ்சம் குறைக்கக் கூடுமானாலும் கொடுக்கலாம் என்று அதே திருத்தந்தை 1957 பிப்ரவரியில் சொல்லியிருக்கிறார். அளவறிந்து கொடுத்தால் அப்படிக் குறைவதும் அரிது. உணவு, தண்ணீர் விஷயத்தில் கத்தோலிக்கப் போதனை இன்னும் கண்டிப்பானது: உடம்பு ஏற்றுக்கொள்ளும்வரை அவை அடிப்படைக் கவனிப்பு. உடல் ஏற்காத கடைசி மணி நேரங்களில் கட்டாயப்படுத்த வேண்டியதில்லை.

சிஎஸ்ஐ, லுத்தரன், பெந்தெகொஸ்தே சபைகளுக்கு இப்படி ஒரே மையம் கிடையாது. அதனால் அம்மாவின் ஜெபக்குழுவோடு வேதாகமத்தை வைத்தே பேசுங்கள். எசேக்கியா ராஜா அழுது ஜெபித்தான், 15 வருடம் கூட்டிக் கொடுக்கப்பட்டது. அதே அதிகாரத்தில் ஏசாயா தீர்க்கதரிசி அத்திப்பழ அடையைப் பிளவையின்மேல் பற்றுப்போடச் சொல்கிறார். அங்கே ஜெபமும் மருந்தும் ஒன்றாகவே நிற்கின்றன. தீமோத்தேயுவின் வயிற்றுக்குப் பவுல் கொஞ்சம் திராட்சரசம் சேர்த்துக்கொள்ளச் சொல்கிறார். எத்தனையோ பேரைக் குணமாக்கிய அதே பவுல், கடைசி நிருபத்தில் துரோப்பீமுவை மிலேத்துவில் வியாதியாகவே விட்டுவந்ததாக எழுதுகிறார். துரோப்பீமுவுக்கு விசுவாசம் இல்லையென்று யாரும் சொல்வதில்லை. இயேசு உயிரோடு எழுப்பிய லாசருவும் பிறகு ஒருநாள் மறுபடி மரித்தான். மெஷினை எடுத்தால் கர்த்தர் அற்புதம் செய்ய முடியாது என்பவர்கள், தங்களை அறியாமலே அற்புதத்தை மெஷினோடு கட்டிப்போடுகிறார்கள். குணமாக்கக் கர்த்தருக்கு வென்டிலேட்டர் தேவையில்லை என்று அம்மாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள். அம்மாவைப் போன்றவர்களுக்குப் பெரும்பாலும் இது சட்டென்று புரியும்.

மறுபக்கமும் உண்டு. ஜெபத்தை நம்பி ஆன்டிபயாட்டிக்கை நிறுத்துவது, "மூன்றாம் நாள் எழுந்திருப்பார்" என்று தேதி குறித்துத் தீர்க்கதரிசனம் சொல்வது, அதை நம்பி டாக்டரோடு சண்டைக்குப் போவது, இவையெல்லாம் குடும்பத்தைப் பாழாக்கும். அந்தத் தேதி கடந்தபின் அம்மாவின் விசுவாசமும் சேர்ந்து உடைவதுதான் இதில் பெரிய சேதம்.

சட்டம் என்ன சொல்கிறது? 2018 மார்ச் 9 அன்று மீள வழியற்ற நிலையில் சிகிச்சையை நிறுத்துவதை உச்ச நீதிமன்றம் அனுமதித்தது. 2023 ஜனவரி 24 அன்று நடைமுறையை எளிதாக்கியது. சிகிச்சை தரும் டாக்டரும், குறைந்தது 5 வருட அனுபவமுள்ள இரண்டு நிபுணர்களும் சேர்ந்த முதல் மருத்துவ வாரியம் கருத்துச் சொல்லும். அதில் இல்லாத வேறு மூவர், அவர்களில் ஒருவர் மாவட்டத் தலைமை மருத்துவ அலுவலர் நியமிப்பவர், இரண்டாவதாகப் பார்ப்பார்கள். ஒவ்வொன்றும் கூடியவரை 48 மணி நேரத்துக்குள் முடிய வேண்டும். குடும்பத்தின் எழுத்துச் சம்மதம் வேண்டும். நிறுத்தும் முன் முதல் வகுப்பு மாஜிஸ்திரேட்டுக்குத் தகவல் தர வேண்டும். அவர் அனுமதிக்குக் காத்திருக்க வேண்டியதில்லை. வாரியம் மறுத்தால் உயர் நீதிமன்றம் போகலாம். எல்லா மருத்துவமனையிலும் இந்த ஏற்பாடு இல்லை. இல்லாத இடத்தில் குறைந்தபட்சம் இரண்டை எழுதி வாங்கலாம்: புதிதாக எந்தச் சிகிச்சையையும் கூட்டுவதில்லை என்பது, இதயம் நின்றால் நெஞ்சை அமுக்குவதில்லை என்பது. பின்னதற்கு இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020 வழிகாட்டுதல் இருக்கிறது. நெஞ்சை 5 சென்டிமீட்டர் ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 தடவைக்கு மேல் அமுக்க வேண்டும். இந்த வயதில் விலா எலும்பு முறிவது சாதாரணம். இந்த நோய்க்கு அதனால் பலனும் இல்லை.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். நம் ஊரில் அடிக்கடி நடப்பது இது: "வீட்டுக்குக் கொண்டுபோயிடுங்க" என்று சொல்லி, டாக்டர் ஆலோசனைக்கு மாறாக டிஸ்சார்ஜ் என்று கையெழுத்து வாங்கி, ஆம்புலன்ஸில் அம்பு பேக்கை (கையால் அமுக்கிக் காற்று கொடுக்கும் பை) அமுக்கிக்கொண்டே வந்து, வீட்டுக் கட்டிலில் டியூப்பை உருவிவிட்டுப் போய்விடுவார்கள். ஐசியுவில் ஓடிக்கொண்டிருந்த வலி மருந்தும் மயக்க மருந்தும் ஆம்புலன்ஸ் ஏறும்போதே நின்றிருக்கும். அந்த மனிதர் மூச்சுக்குத் தவிப்பதை வீடே நின்று பார்க்கும். அப்பாவை வீட்டில் வைத்து வழியனுப்ப ஆசைப்படுவதில் தவறே இல்லை. ஆனால் வலித்தணிப்பு மருத்துவப் பிரிவின் ஊசி மருந்தும், அதைப் போடத் தெரிந்த நர்ஸும் கூட வராவிட்டால் அழைத்துப்போக வேண்டாம்.

முறையாகச் செய்தால் வரிசை ஏறக்குறைய இப்படி இருக்கும். மூக்குக்குழாய் உணவை ஆறேழு மணி நேரம் முன்பே நிறுத்துவார்கள். இல்லாவிட்டால் வாந்தி வந்து புரையேறும். தசையைச் செயலிழக்க வைக்கும் மருந்து ஓடினால் அதை நிறுத்தி, முற்றிலும் இறங்கும்வரை காத்திருக்க வேண்டும். அது உடம்பில் இருந்தால் அவர் தவித்தாலும் முகத்தில் தெரியாது, இது மிக முக்கியம். தொண்டையில் எச்சில் தேங்காமலிருக்க கிளைக்கோபைரோலேட் 0.2 மில்லிகிராம் முன்கூட்டியே போடுவார்கள். பொதுவாக மார்ஃபின் 2 முதல் 5 மில்லிகிராம் கொடுப்பது வழக்கம். அப்பாவுக்குச் சிறுநீரகம் செயலிழந்திருப்பதால் மார்ஃபினின் கழிவு உடலில் தேங்கி உதறலும் குழப்பமும் வரலாம். அதனால் ஃபென்டானில் 25 முதல் 50 மைக்ரோகிராம் பொருத்தம், கூடவே பதற்றத்துக்கு மிடசோலம். மூச்சு அமைதியாகி, புருவம் தளர்ந்தபின்தான் மெஷினில் கை வைக்க வேண்டும். அலாரத்தை அணைத்து, மானிட்டரைத் திருப்பிவைத்து, பதினைந்து முதல் முப்பது நிமிடத்தில் ஆக்சிஜனையும் அழுத்தத்தையும் படிப்படியாகக் குறைத்து, கடைசியில் டியூப்பை எடுப்பார்கள். ஒவ்வொரு படியிலும் அவர் தவித்தால் மருந்தைக் கூட்டிவிட்டுத்தான் அடுத்த படி.

அதன்பின் என்ன நடக்கும் என்று எல்லாரிடமும் முன்பே சொல்லிவைக்க வேண்டும். பெரும்பாலோர் சில மணி நேரத்துக்குள் போய்விடுவார்கள். சிலர் ஓரிரு நாள் இருப்பார்கள். தொண்டையில் கரகர சத்தம் வரலாம். கடைசியில் இடைவெளி விட்டு விட்டு மீன் வாய் திறப்பதுபோல் மூச்சு வரும். அது மூளைத்தண்டின் அனிச்சைச் செயல், அந்நேரம் அவருக்குப் பெரும்பாலும் நினைவிராது. இதைத் தெரியாத சித்தப்பாவோ அத்தையோ "மூச்சு வாங்குறாரே, திரும்ப மாட்டுங்க" என்று கத்தினால் எல்லாம் குலைந்துபோகும்.

குருவானவர் இதற்கெல்லாம் முன்பே வந்திருக்க வேண்டும். நோயில்பூசுதல் (நோயாளிக்கு எண்ணெய் பூசும் சடங்கு) தரும்வரை கருவியை நிறுத்தாமல் வைத்திருக்க வேண்டும் என்பதும் 1957 உரையில் உண்டு. இதையே அவஸ்தை என்று சொல்லி, "அவஸ்தை கொடுத்தாச்சு என்றால் முடிஞ்சது" என்று பயந்து கடைசிவரை தள்ளிப்போடும் பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அந்தப் பயம் தேவையில்லை. அது நோயாளிக்கான அருட்சாதனம், நெற்றியிலும் கையிலும் பூசுவதால் டியூப் தடையாகாது. நற்கருணையை விழுங்கத்தான் முடியாது. அம்மா வீட்டுப் போதகரும் வரட்டும். மூப்பர்கள் எண்ணெய் பூசி ஜெபிக்கச் சொல்லும் யாக்கோபு நிருபம் இருவருக்கும் பொது.

வலியில்லாமல் போவதும், யாராவது பக்கத்தில் இருப்பதும் மருத்துவத்தின் வேலை என்று இன்று சாதாரணமாகச் சொல்கிறோம். அதற்குப் பின்னால் ஒரு கிறிஸ்தவப் பெண்ணின் உழைப்பு உண்டு. லண்டனில் நர்ஸாகத் தொடங்கி டாக்டரான சிசிலி சாண்டர்ஸ், 1967-ல் சாவை நெருங்கும் நோயாளிகளைக் கவனிக்கும் செயின்ட் கிறிஸ்டோபர் ஹாஸ்பிஸைத் திறந்தார். 1948-ல் புற்றுநோயில் இறந்த டேவிட் டாஸ்மா என்ற போலந்து யூதர், "உங்கள் வீட்டில் நான் ஒரு ஜன்னலாக இருப்பேன்" என்று சொல்லி விட்டுச்சென்ற 500 பவுண்டுதான் அதற்கு முதல் பணம். வலி வந்தபின் மருந்து என்பதை மாற்றி, வலி திரும்பும் முன்பே 4 மணி நேரத்துக்கு ஒருதரம் என்று கடிகாரம் பார்த்துக் கொடுக்கவைத்தார். உடல் வலி, மனக்கவலை, குடும்பக் கவலை, ஆத்தும வேதனை நான்கையும் ஒரே வேதனையாகப் பார்க்கச் சொன்னார்.

அப்பாவுக்கு நீங்கள் செய்யக்கூடியது இன்னும் இருக்கிறது. டியூப் எடுத்ததும் வாய் வறண்டிருக்கும். சுத்தமான காஸ் துணியைத் தண்ணீரில் நனைத்துப் பிழிந்து, மணிக்கொரு தரம் உதட்டையும் நாக்கையும் துடைத்து, உதட்டில் கொஞ்சம் வாசலின் தடவுங்கள். தண்ணீரை வாயில் ஊற்ற வேண்டாம், புரையேறும். காது கடைசிவரை கேட்கலாம் என்பதால் அம்மா அவர் காதருகே உட்கார்ந்து 23-ம் சங்கீதத்தைச் சொல்லட்டும். அவர் எந்தக் குரலோடு வாழ்ந்தாரோ அந்தக் குரலில். பெரிய கூட்டமாக நின்று உரக்க ஜெபிப்பதைவிட இது நல்லது.

சம்மதப் படிவத்தில் ஒருவர் மட்டும் கையெழுத்துப் போடாதீர்கள். அம்மாவும் பிள்ளைகள் எல்லாரும் சேர்ந்து போடுங்கள்; நாளைக்கு "நீதான் எழுதிக்கொடுத்தாய்" என்ற சொல் ஒருவர்மேல் விழக்கூடாது. அதற்கு முன் அண்ணன் டாக்டரைத் தானே பார்க்க வேண்டும், நீங்கள் போய்ச் சொல்லும் தகவலாக அல்ல. நாளைக் காலை ரவுண்ட்ஸ் நேரத்துக்கு அவரையும் கூட்டிக்கொண்டு போங்கள். மேலே எழுதிய ஐந்து கேள்விகளையும் அவர் வாயாலேயே கேட்கட்டும்.